ஜாக்கிக்குப் பூசை

ராமாபுரத்து அய்யாவு மைசூரில் வெல்டர். மனைவி சுந்தராம்பாள்தான் அவருக்குச் சித்தாள். 1996 தசரா சமயம், ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய்ச் சட்டங்களில் இணைப்புக்கு இணைப்பு விரிசல். தகடு சுற்றிப் பற்றவைத்துப் பலப்படுத்தும் வேலை. அது முடியும்வரை கூரையின் பாரத்தைக் கீழே முட்டுக்கொடுத்த ஜாக்கிகள்தான் சுமந்தன.

ஆயுத பூசையன்று அய்யாவு எலுமிச்சம்பழத்தோடு வந்தபோது, கழுவித் துடைத்த ஜாக்கி ஒன்று சாமி படத்தின் முன்னால் இருந்தது. சுந்தராம்பாள் அடுத்ததன் திருகைத் தளர்த்திக்கொண்டிருந்தாள்.

“ஏ புள்ளே, கைய எடு! அதுதான் கூரையத் தாங்கிட்டு நிக்குது!”

அவள் சட்டென்று விலகினாள். “எல்லாச் சாமானும் கழுவோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க? இத மட்டும் உட்டுருன்னு சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா?”

அய்யாவு ஓடிவந்தார். தளர்ந்ததை இறுக்கி, கழுவியதைப் பழைய இடத்திலேயே நிறுத்தித் திருகினார். ஏணியில் ஏறி இணைப்பைத் தடவிப் பார்த்தார். விரிசல் கூடவில்லை.

வெல்டிங் மெஷினும் சுத்தியலும் படத்தின் முன்னால் குங்குமம் வாங்கின. ஜாக்கிகளுக்கு மட்டும் சுந்தராம்பாள் தட்டோடு நடந்துபோய், நின்ற இடத்திலேயே வைத்தாள்.

“ஆட்டாம வை புள்ளே.”

“குங்குமத்துக்கெல்லாம் கூரை விழுகாதுங்க” என்றாள். ஆனாலும் விரல் நுனியால்தான் தொட்டாள்.