யோகப்பிரியாவின் மாட்டுச் சாளையும் சேற்று ஜீப்பும்

மீனாட்சிபுரம் பக்கத்துப் பால் சொசைட்டி ஒன்றில் ஆனந்தகுமார் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தன் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் அவன், அதுவும் பால்வளப் படிப்பில். யோகப்பிரியாவின் கேனை எடை போட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினான்.

"அக்கா, உங்க பால் நாளுக்கு நாள் கொறஞ்சுட்டே வருதுங்க. மடி நோவு ஏதாச்சும் இருக்குமோ? டாக்டரை வரச் சொல்லட்டுங்களா?"

"மாட்டுக்கு ஒரு நோவும் இல்லீங் தம்பி. எங்கூட்டுக்காரருக்குத்தான் நோவு. அதுக்கு உங்க படிப்புல மருந்திருந்தாச் சொல்லுங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். யோகப்பிரியா சிரிக்கவில்லை. காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்த நடையில் பூமியின் மேலேயே ஒரு வெறுப்பு இருந்தது.

நோவு என்று அவள் சொன்னது ஜீப்பை. அவள் கணவன் மோகனசுந்தரத்துக்கு மட் ரேஸ் பைத்தியம் பிடித்திருந்தது. அறுவடை முடிந்த வயலில் தண்ணீர் கட்டி, டிராக்டர் விட்டுக் கலக்கி, அந்தச் சேற்றில் ஜீப் ஓட்டுவார்கள். ஒரு கரையிலிருந்து மறுகரை சேர்ந்தால் கோப்பை. நல்ல மண்ணை நாசமாக்கி அதில் புரளுவதற்கு ஆம்பிளைகள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவதை அவளால் பார்க்கச் சகிக்கவில்லை.

மோகனசுந்தரத்தின் ஜீப்புக்குள் இருந்தது கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஏதோ வெளிநாட்டுப் பெட்ரோல் எஞ்சின். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மெக்கானிக் பிரதீப் மதியச் சோற்றுக்குப் பிறகுதான் வருவான். மாடு கறக்கும் நேரமும் அதுதான். ஜீப் நிற்கும் கொட்டகைக்கும் மாட்டுச் சாளைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு. இந்தப் பக்கம் அவள் மடியைக் கழுவிக் காம்பில் கை வைக்கும்போது அந்தப் பக்கம் எஞ்சின் அலறும். அலறினால்கூடப் பரவாயில்லை, ஒரே சத்தமாகப் போய்விடும். இது பித்தளைக் குடத்தைக் கரண்டியால் விடாமல் தட்டுவது போல டக டக டகவென்று அடித்துக்கொண்டே இருந்தது. மாடுகள் காதை விறைத்துக்கொண்டு நின்றன. சுரப்பு விடவில்லை. கன்றை விட்டு முட்டவைத்தாலும் மடி இறுகிப் போய்க் கிடந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் சிரிப்பும் சிகரெட் புகையும். ஒருநாள் அவள் எட்டிப் பார்த்தபோது, கன்றுக்குப் பால் ஊட்டும் கிண்ணத்தில் பிரதீப் கறுப்பு எண்ணெயைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங், அந்தக் கருமத்தைக் கொஞ்சம் பொறுத்துப் போட்டுப் பாக்கக் கூடாதுங்களா? பால் இறங்க மாட்டேங்குது."

"ரேஸ் டாப்பெட் புள்ள, அப்படித்தான் பேசும்" என்றான் மோகனசுந்தரம், பேசுவது குழந்தை என்பது போல.

"பேசட்டும். என்ன பேசுதுன்னு மாட்டுக்கும் சொல்லிக் குடுங்க."

பிரதீப் அதற்கொரு வழி சொன்னான். வால்வைத் தூக்கித் திறக்கிற டாப்பெட்டுக்கும் வால்வுக்கும் நடுவில் விடுகிற இடைவெளியைக் குறைத்துவிட்டால் அடிக்கிற சத்தம் அடங்கிவிடுமாம். அந்த வட்டாரத்து ஜீப்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. ஊருக்குள் வண்டி அமைதியாக இருக்கவேண்டுமென்றால் டைட் வைப்பார்கள். இறுக்கினான். சத்தமும் குறைந்தது. மாடுகள் இரண்டு நாள் ஒழுங்காகக் கறந்தன. அடுத்த ரேஸில் ஜீப் பாதி வயல்கூடத் தாண்டவில்லை. எஞ்சின் சூடேறியதும் வால்வு முழுதாக மூட வழியில்லாமல் விளிம்பு வெந்து போய்விட்டது. ஜீப்பை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார்கள். அதைச் சுற்றி நின்று எழவு வீட்டில் போல உச்சுக்கொட்டினார்கள்.

அன்று அவள் மாமனார் ஆறுமுகசாமி வாயைத் திறந்தார்.

"பாலுந்தான் கொறஞ்சு போச்சே. மாடுகளைக் குடுத்துட்டா வேற எஞ்சின் எடுத்துரலாம். அந்தச் சாளையில ஜீப்பையும் நெழல்ல நிறுத்திக்கலாம்."

ஜீப்பால் பால் குறைந்தது, பால் குறைந்ததால் மாட்டை விற்று ஜீப்புக்கே போடலாம் என்கிற அந்தக் கணக்கைச் சொல்லும்போது பெரியவரின் முகத்தில் ஒரு சிறு கூச்சம்கூட இல்லை. யோகப்பிரியா கையிலிருந்த தவிட்டுச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"மாட்டுப் பேச்சு இருக்கட்டுங் மாமா. அந்த எஞ்சினைச் சத்தமில்லாம ஓட வைக்க வழி இருக்குதான்னு நானே போய்க் கேட்டுட்டு வாறன்."

"நீயா?" என்றான் மோகனசுந்தரம்.

"நானேதான். உங்க கூட்டத்துல காது இருக்கறவங்க யாரும் இல்லியே."

பாலக்காட்டில் எஞ்சின் பட்டறை வைத்திருந்த ஜெஸ்னாவிடம் போனார்கள். மோகனசுந்தரத்துக்கு அங்கே போனதும் முகம் சுருங்கிவிட்டது. பட்டறைக்காரி என்று ஒரு பெண்ணிடம் எஞ்சினைக் காட்டுவது அவனுக்குப் பிடிக்கவில்லை. அவன் மூஞ்சியைப் பார்க்க யோகப்பிரியாவுக்கும் பிடிக்கவில்லை.

ஜெஸ்னா எஞ்சினைப் பிரித்ததும் முதல் கேள்வி கேட்டாள். "இதுல முதல்ல இருந்த எண்ணெய் டாப்பெட் எவிடே?"

"எடுத்துட்டோங்க. கட்டி டாப்பெட் போட்டுட்டோம். ரேஸ் வண்டிக்கு அதுதான்னு பிரதீப் சொன்னான்" என்றான் மோகனசுந்தரம்.

"நல்லா சொன்னான்." அவள் மேசை மேல் இரண்டு கேம்ஷாஃப்டை வைத்தாள். இரண்டும் இரும்புத் தண்டுகள்தான். வரிசையாக முட்டை போன்ற மேடுகள். தண்டு சுற்றும்போது மேடு டாப்பெட்டைத் தூக்கும், டாப்பெட் வால்வைத் திறக்கும். "பாருங்க சேச்சி. கட்டி டாப்பெட்டுக்கு இடைவெளி வேணும். இடைவெளி இருந்தா அடிக்கும். அந்த அடியைத் தாங்கறதுக்குன்னு மேடு தொடங்கற இடத்துல நீளமா ஒரு சரிவு வெச்சுச் செய்யணும். உங்க கேம் எண்ணெய் டாப்பெட்டுக்குச் செஞ்சது. அந்தச் சரிவு இதுல இல்ல. அதான் இந்தத் தட்டல். டாப்பெட்டை மட்டும் மாத்திட்டு மேட்டை விட்டுட்டீங்க. ரெண்டும் ஜோடி."

"எண்ணெய் டாப்பெட்ல இடைவெளி இல்லீங்களா?"

"உள்ள எண்ணெய் நெறஞ்சு இடைவெளியை அதுவே அடைச்சுக்கும். எப்பவும் தொட்டுட்டே இருக்கும்."

கன்று முட்டுவதற்கும் காம்பை விடாமல் ஊட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் போல என்று யோகப்பிரியா நினைத்துக்கொண்டாள். பிறகு, மேடுகள் செங்குத்தாக எழும்பி உச்சியில் கூம்பியிருந்த இரண்டாவது தண்டைக் காட்டினாள். "அப்ப இது?"

மோகனசுந்தரம் முந்திக்கொண்டான். "அதுதான் வேணும்! பெரிய மேடு. ஐடில்ல நின்னாலே பொடபொடன்னு ஆடும். ஸ்டார்ட் பண்ணுனதும் பக்கத்து வண்டிக்காரன் வயித்தக் கலக்கணும்."

"வண்டி ஓடறது ரோட்டுலயா, சேத்துலயா?" என்றாள் ஜெஸ்னா.

"சேத்துலதான்."

"பின்னே? இந்த மேடு எஞ்சின் ரொம்ப வேகமாச் சுத்தும்போதுதான் சக்தி குடுக்கும். சேத்துல சக்கரம் மெதுவா இழுக்கணும், அங்க இது மூச்சு வாங்கும். இத்தனை செங்குத்தா இருந்தா எண்ணெய் டாப்பெட்டும் வேகத்துல கூட ஓட முடியாமத் திணறும். எண்ணெய் டாப்பெட்டையே திரும்பப் போட்டு, கொஞ்சம் உயரம் கூட்டின, சரிவு மெதுவான மேடு வெச்சாப் போதும். கீழ் வேகத்துல நல்லா இழுக்கும். சத்தமும் இருக்காது."

"சத்தமே இல்லாட்டி வண்டி ஓடுதுன்னு எப்படித் தெரியும்?"

இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள். யோகப்பிரியாதான் பேசினாள். "சரிவு மெதுவா இருக்கறதே போடுங்க ஜெஸ்னா. இவரு வயித்தக் கலக்கணும்னா வேற வழி நெறைய வெச்சிருக்காரு."

ஜீப் திரும்பி வந்த அன்று அவள் கறந்துகொண்டிருந்தாள். தடுப்புக்கு மேலே வெள்ளையாக லேசான புகை எழும்பியதைப் பார்த்தபோதுதான் எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. காது கொடுத்துக் கேட்டாள். மாவரைக்கும் இயந்திரம் தூரத்தில் ஓடுவது போல ஒரு முனகல், அவ்வளவுதான். மாடு அசை போடுவதை நிறுத்தவில்லை. பால் செம்பில் இறங்கி நுரை கட்டியது. பல நாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் முகத்தில் கடுகடுப்பு இல்லை.

அந்த மாத ரேஸில் மோகனசுந்தரம் ஜெயித்தான். மற்ற ஜீப்புகள் அலறி அலறி நடு வயலில் குழி பறித்துக்கொண்டு அமர, இவனுடையது எருமை போல நிதானமாக இழுத்துக்கொண்டு மறுகரை ஏறிவிட்டது. கோப்பையோடு வீட்டுக்கு வந்தவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னங்க, ஜெயிச்சுட்டும் இப்படி?"

"என்னத்தப் புள்ள ஜெயிச்சது. மைக்ல சொல்றான், 'பால் வண்டி மோகனண்ணன்'னு. பக்கத்து வண்டிக்கார ஜிபின் கேக்கறான், ஓட்டிட்டு வந்தீங்களா, தள்ளிட்டு வந்தீங்களான்னு. ரேஸ் கமிட்டிக்காரனுங்க முன்னால மானமே போச்சு."

கோப்பை கையில் இருக்கும்போது மானம் எங்கே போனது என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள விருப்பமும் இல்லை.

அடுத்த ஞாயிறு கறவை நேரத்தில் பிரதீப் கேஸ் கட்டரோடு வந்தான். எஞ்சினைத் தொடவில்லை. அதன் சைலன்சரை அடியோடு அறுத்து எடுத்துவிட்டான். சாவியைத் திருப்பியதும் எழும்பிய வெடிச்சத்தத்தில் தகரத் தடுப்பு அதிர்ந்தது. சினை மாடு ஒன்று கால் சறுக்கித் தரையில் மோதி விழுந்தது. செம்பு உருண்டு பால் சாணியோடு கலந்து ஓடியது. அந்தப் பக்கம் விசிலும் கைத்தட்டலும்.

யோகப்பிரியா மாட்டைத் தட்டி எழுப்பி, வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, சாணிக் கையோடு தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"நல்லா இருந்த எஞ்சினை ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்க?"

"எஞ்சின் அதே எஞ்சின்தான் புள்ள. வெளியில சத்தம் மட்டுந்தான் கூட்டிருக்கறோம்."

"அதைத்தான் கேட்டன்" என்றாள். "ஜெயிக்கறதுக்கு வழி பண்ணிக் குடுத்தா, அது வேண்டாம், சத்தந்தான் வேணும்னு அறுத்துட்டு நிக்கறீங்க. ச்சீ." சொல்லிவிட்டு மாட்டுப் பக்கமே திரும்பி நடந்தாள்.

மாமனார் மறுநாளே மாட்டுத் தரகரை வரச் சொல்லிவிட்டார். தரகர் வழக்கப்படி தோளில் புதுக் கயிறுகளைப் போட்டுக்கொண்டு வந்தார். விற்கிறவர் தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கொடுக்க, வாங்குகிறவர் தன் கயிற்றைப் போட்டு ஓட்டிப் போவது அங்கே வழக்கம். மாடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது யாரு மாடுங்க?" என்றார்.

"எங்க மாடுதான், வேற யாரு மாடு?" என்றார் ஆறுமுகசாமி.

"மொத மாடு எங்கம்மா எனக்குச் சீராக் குடுத்தது" என்றாள் யோகப்பிரியா. "இதெல்லாம் அதோட வம்சம்."

தரகர் தோளிலிருந்த கயிறுகளைச் சரிசெய்துகொண்டார். "சீர் மாடுங்களா? அப்ப அம்மிணி கையால அவுத்துக் குடுத்தாத்தானுங்க நான் தொடுவேன். வயித்தெரிச்சலை எங்கூட்டுக்கு ஓட்டிட்டுப் போக முடியாது."

"அவுத்துடறேன் இருங்க."

ஒவ்வொரு மாடாக அவிழ்த்தாள். தரகரின் கயிற்றைக் கையால் விலக்கிவிட்டு, தன் கயிற்றோடேயே சினை மாட்டை முன்னால் விட்டு, மற்றவற்றை அதன் பின்னால் வாசல் தாண்டி ஓட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்க புள்ள ஓட்டிட்டுப் போற?" என்று மோகனசுந்தரம் பின்னால் ஓடி வந்தான்.

"எங்கம்மா தோப்புக்கு. அங்க ஒரு சாளை சும்மா கெடக்குது."

"ஊரு என்ன நெனைக்கும்?"

"ஊருக்கு என்ன கேக்கும்? உங்க சத்தம் அடங்குனாத்தான அதுக்கு வேற ஏதாச்சும் கேக்கும்."

வாய்க்கால் கரையோடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. தன் துணியை எடுக்க மறுநாள் வந்தபோதும் ஜீப் கொட்டகைப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

யோகப்பிரியா இப்போது வாய்க்காலுக்கு அக்கரையில், தன் அம்மா சரஸ்வதியம்மாளின் தென்னந்தோப்பில் மாடு வைத்திருக்கிறாள். சினை மாடு கிடாரிக் கன்று ஈன்றிருக்கிறது. சொசைட்டியில் பால் அவள் பெயரிலேயே ஊற்றப்படுகிறது. மோகனசுந்தரம் வாரத்துக்கு இரண்டு முறை வருகிறான். ஜீப்பை வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வரவேண்டும் என்பது ஏற்பாடு. சைலன்சரை அவன் இன்னும் மாட்டவில்லை.