அக்கா வாயில வர்ற எடை

எங்க அக்காவுக்கு ராணுவ ஆளெடுப்பு ஆபீஸ்ல வேலை. உடனே துப்பாக்கி, பூட்ஸுன்னு கற்பனை பண்ணிக்காதீங்க. அவகிட்ட இருக்கறது ஒரு எடை மெஷின், உயரம் பார்க்கற கம்பி, ஒரு டேப், அவ்வளவுதான். சேர வர்ற பிள்ளைங்க ஒவ்வொருத்தரா மெஷின்ல ஏறி நிப்பாங்க. அக்கா எடைய சத்தமாப் படிப்பா, பக்கத்து மேஜையில டாக்டர் எழுதிக்குவார். அவர் தலைய நிமிர்த்தி மெஷினப் பார்த்ததே கிடையாது. அக்கா வாயில வர்றதுதான் எடை. பத்தொம்பது வருஷமா இதே பொழப்பு.

வீட்டுல எடை மெஷின் வாங்க விட மாட்டா. பகல் பூரா அது மூஞ்சில முழிக்கறது பத்தாதான்னு கேப்பா.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒல்லிப் பசங்களத்தான் நிறைய திருப்பி அனுப்புவாங்களாம். நல்லா சாப்பிட்டு உடம்ப தேத்திக்கிட்டு வான்னு இவளே ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்புவாளாம். இப்ப எல்லாம் தலைகீழ். நூறு பேர் வந்தா முப்பது பேர் ஓட்டத் தேர்வுக்குப் போறதுக்கு முன்னாடியே, எடை கூடிப் போய் மெஷின்லயே நின்னுடறாங்க. ஆள் பத்தலன்னு அதிகாரி புலம்பறார். "எட்டு வயசுல ஏத்தி விட்டுட்டு, பத்தொம்பது வயசுல இறக்குன்னா லேசுல இறங்குமா?" அப்படின்னு கேப்பா அக்கா. கேக்கும்போது என்னையே பார்ப்பா. ஏன்னா அவ பொண்ணுக்கு ஏத்தி விட்டவன் நான்தான்.

எனக்கு பேக்கரி. அக்கா வீட்டுக்காரர் கப்பல்ல வேலை, வருஷத்துல பாதி நாள் கடல்ல இருப்பார். அவங்க பொண்ணு குட்டி ஸ்கூல் விட்டா நேரா என் கடைக்குத்தான் வருவா. மாவு மூட்டை மேல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவா. புள்ள பசியா இருக்கேன்னு ஒரு கிரீம் பன்ன நீட்டுவேன். முகம் மலரும். அத பார்க்கறதுக்காகவே இன்னொண்ணு நீட்டுவேன். பதினாலு வயசுல ஸ்கூல்ல அவளுக்கு லாரின்னு பேர் வெச்சிருக்காங்கன்னு தெரிய வந்தப்போதான் நான் செஞ்சது எனக்கு உறைச்சுது. செய்யறதெல்லாம் செஞ்சுட்டு அப்புறம் வருத்தப்பட்டு என்ன?

அந்தக் குட்டி பதினெட்டு முடிஞ்சதும் ராணுவத்துல சேரப் போறேன்னு வந்து நின்னா. முதல்ல சிரிச்சவன் நான்தான், அதுக்கு இன்னிக்கும் என்னையே திட்டிக்கறேன். அப்போ அவ எண்பத்தி ரெண்டு கிலோ. அவ உயரத்துக்கு அறுபத்தி ஒண்ணுக்கு மேல போகக் கூடாது. ஒன்றரை வருஷம் நாயா ஓடினா. சோத்த பாதியாக்கினா. என் கடைப் பக்கம் வந்தா மூச்ச அடக்கிக்கிட்டு வருவா.

வந்தது எடை பார்க்கத்தான். மாவு பிசையற தொட்டிய நிறுக்க என்கிட்ட ஊசி வெச்ச பழைய தராசு ஒண்ணு இருக்கு. வாராவாரம் தொட்டிய இறக்கி வெச்சுட்டு அவள ஏத்தி விடுவேன். எழுபது ஆச்சு, அறுபத்தி அஞ்சு ஆச்சு, கடைசி வாரம் அறுபதும் முந்நூறு கிராமும். ரெண்டு பேரும் கடையில குதிச்சோம். ஜெயிச்சுட்டோம்னே முடிவு பண்ணிட்டோம்.

அந்த நாள் வந்துது. வயசு வரம்புப்படி குட்டிக்கு அதுதான் கடைசி வருஷம். சொந்தப் பொண்ணு வர்றா, வேற யாராவது எடை பார்க்கட்டும்னு அக்கா முன்னாடியே எழுதிக் கொடுத்துட்டா. டாக்டரோ, நீங்களே பாருங்கம்மா, உங்கள நம்பாம யார நம்பறதுன்னுட்டார். குட்டி ஏறி நின்னா. அக்கா படிச்சா. அறுபத்தி ரெண்டும் முந்நூறும்.

ஒரு கிலோ முந்நூறு கிராம் அதிகம். டாக்டர் எழுதிட்டார். நாப்பது நாள்ல மறுபடி வரலாம், ஒரே ஒரு தடவைதான்.

எப்படி ரெண்டு கிலோ தப்பும்னு தலைய பிச்சுக்கிட்டேன். கடைக்குப் போய் தராச பார்த்ததும்தான் பிடிபட்டுது. தொட்டி மட்டும் ரெண்டு கிலோ. மாவோட எடை மட்டும் தெரியட்டும்னு எப்பவோ நானே திருகாணிய திருப்பி, தொட்டி எடைய கழிச்சு வெச்சிருக்கேன். தொட்டி இல்லாட்டி ஊசி பூஜ்யத்துக்குக் கீழ நிக்கும். பன்னெண்டு வருஷமா அத பார்த்துப் பார்த்துப் பழகி, அது எனக்குக் கண்ணுலயே படல. மடையன், மடையன். ஓடிப் போய் குட்டிகிட்ட சொன்னேன். அவ என்னைய திட்டல. அவ கோபம் முழுக்க அவங்க அம்மா மேல இருந்துது.

சாயந்திரம் சமையலறையில நான் இருக்கும்போதே கேட்டுட்டா. "டாக்டர் மெஷினப் பார்க்கவே மாட்டார்னு உனக்குத் தெரியும். அறுபத்தி ஒண்ணுன்னு சொல்லியிருந்தா யாருக்கு என்ன நஷ்டம்? நீ எல்லாம் ஒரு அம்மாவா?"

அக்கா பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தா. தண்ணிய நிறுத்திட்டுத் திரும்பினா. "உனக்குப் பின்னாடி நீலச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தி நின்னாளே, அவளுக்கு எண்ணூறு கிராம்தான் அதிகம். அவளையும் திருப்பி அனுப்பினேன். அவளுக்கு அம்மா அந்த ரூம்ல இல்ல."

குட்டி கதவ அறைஞ்சு சாத்திட்டுப் போனா. அக்கா அதே தட்ட மூணு தடவை கழுவினா. சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்னு எனக்கும் அன்னிக்குத் தோணிச்சு, மறைக்க மாட்டேன்.

ஒரு வாரம் அம்மாவும் பொண்ணும் பேசிக்கல. எட்டாவது நாள் காலையில கடைக்குப் பால் எடுக்கப் போனேன். விளையாட்டுத் திடல்ல குட்டி ஓடறா, பக்கத்துல இன்னொருத்தி மூச்சு வாங்க ஓடறா. அக்கா சொன்ன நீலச் சட்டைக்காரி அவதானாம். ஒரு தையல்காரர் பொண்ணாம். எந்தத் தெருன்னு நாலு பேர்கிட்ட விசாரிச்சு, குட்டியே அவ வீட்டுக் கதவத் தட்டியிருக்கா. அவளுக்கும் அதுதான் கடைசி வருஷம். சின்ன வயசுல அவளுக்கு ஸ்கூல்ல வெச்ச பேர் டிரம்மாம். ரெண்டு பேரும் அத சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாளுங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல.

அன்னிக்கே திருகாணிய சரி பண்ணினேன். சரி பண்ணி என்ன, ரெண்டு பேரும் என் தராசு பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கல. மருந்துக்கடையில போய்ப் பார்த்துக்கிட்டாங்க. கிரீம் பன் போடறத நான் நிறுத்தல, பொய் சொல்ல மாட்டேன். ஸ்கூல் பசங்க ரெண்டாவது கேட்டா மட்டும் தீர்ந்துபோச்சுன்னு சொல்றேன். கண்ணாடிப் பெட்டியில அடுக்கி இருக்கறத காட்டிக் காட்டித் திட்டுறானுங்க. திட்டிட்டுப் போகட்டும்.

நாப்பதாவது நாள். நானும் தையல்காரரும் ஆபீஸ் கேட்டுக்கு வெளிய நின்னோம். பதினொரு மணிக்கு குட்டி வந்தா. அறுபதும் எழுநூறும், ஓட்டத்துக்கு அனுப்பிட்டாங்கன்னு மூச்சு விடாம சொன்னா. நான் அழுதுட்டேன், கேட்டுல நின்ன காவலாளி முன்னாடியே அழுதேன். ஆனா அவ எங்களோட நிக்கல. திரும்ப உள்ள ஓடி, எடை ரூம் வாசல்ல போய் நின்னுக்கிட்டா. தையல்காரர் பொண்ணு வரிசையில இன்னும் நாலு பேருக்குப் பின்னாடி இருந்தா.

கொஞ்ச நேரத்துல ரெண்டு பேரும் கையப் பிடிச்சுக்கிட்டு மைதானத்துப் பக்கம் ஓடறது கேட்டு வழியாத் தெரிஞ்சுது. தையல்காரர் அப்படியே தரையில உக்காந்துட்டார்.

சாப்பாட்டு நேரத்துல அக்கா வெளிய வந்தா. ஓட்டத்துலயும் ரெண்டு பேரும் தேறிட்டாங்கன்னு சொன்னா. சொல்லும்போதே கண்ணத் தொடச்சுக்கிட்டா. பொண்ணு எடைய படிக்கும்போது பயமா இருந்துதான்னு கேட்டேன்.

"இவளுக்குப் படிச்சப்போ ஒண்ணும் ஆகலடா," அப்படின்னா. "அந்தப் பொண்ணு ஏறி நின்னப்போதான் கண்ணத் திறந்து பார்க்கவே பயந்துட்டேன்."