துரை வீட்டு லில்லி

அந்த வாரம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் வீட்டில் அப்பாவும் நானும் தங்கை செல்லம்மாவும்தான் இருந்தோம். அம்மா, அக்காவின் பிரசவத்துக்குக் கிள்ளான் போயிருந்தார். அரிசி மூட்டையை எலியிடமிருந்து காக்கும் தன் பூனையை எங்களிடம் ஒப்படைத்திருந்தார்.

சீமைக்குத் திரும்பிய எங்கள் ஆபீஸ் வெள்ளைக்காரத் துரையின் சாமான் ஏலத்தில் ஒரு வெள்ளி கொடுத்து ஒரு லில்லித் தொட்டி எடுத்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியான முதல் ஆள் நான். கூடத்தில் ஒரு சீமைப் பூ வேண்டாமா?

பூனை அதன் இலையைக் கடித்ததும் செல்லம்மா பதறினாள்.

"விடு, பச்சை தின்னாத்தான் பூனைக்கு வயிறு சுத்தமாகும்" என்றேன்.

மறுநாள் அது நான் ஆபீஸுக்குப் போட்டுப்போகும் சப்பாத்துக்குள் வாந்தி எடுத்தது. பச்சை நார், நுரை, நாற்றம். மருந்து வேலை செய்கிறதென்று நினைத்து, தொட்டியை அதன் அருகிலேயே நகர்த்தி வைத்தேன்.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா எட்டிப் பார்த்தார். "ஐயோ தம்பி, இது பூனைக்கு நஞ்செல்லோ! எங்கட பூனையும் இதைக் கடிச்சுத்தான் செத்தது."

இரண்டு நாளில் எங்களுடையதும் செத்து விறைத்துவிட்டது.

"துரை வீட்டுப் பூ நல்லா மணக்குதுலா, அண்ணே" என்றாள் செல்லம்மா, அது கடைசியாக எடுத்த வாந்தியைத் துடைத்தபடி.

லில்லியைக் கண்டால் இன்றும் குமட்டுகிறது. அதைவிட, அன்றைய என் பெருமை குமட்டுகிறது.

அம்மா திரும்பியபோது மூட்டை முழுக்க எலிப்புழுக்கை. அவர் அதைக் குப்பைக்கு இழுத்துப் போனார்; நான் கணக்குப் போட்டேன். பூவுக்கு ஒரு வெள்ளி, குப்பையில் கொட்டிய அரிசிக்கு ஐந்து. ஆக ஆறு வெள்ளி.