அதே எட்டு

எங்கள் ரத்த வங்கியில் அவளுக்கு டிப்பக்கா என்று பேர் வைத்தவர் ஸ்டோர்கீப்பர். பிப்பெட்டின் நுனியில் மாட்டுகிற பிளாஸ்டிக் மூக்குதான் டிப். மற்றவர்களுக்கு வாரம் முழுக்க வருகிற பெட்டி அவளுக்குப் பாதி வாரத்தில் தீர்ந்துவிடும். இவள் டிப்பைத் திங்கிறாளா என்று அவர் கேட்பார். அவள் காதிலேயே வாங்கமாட்டாள். சிரிப்பு அவளுக்கு அத்தி பூத்தாற்போல் வரும், அதுவும் பாதிதான் வரும்.

நான் அங்கே ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறவள். உள்ளே நடப்பதெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழக்கம். அம்மாவின் ரத்தம் நெகட்டிவ், வயிற்றுப் பிள்ளையின் ரத்தம் பாசிட்டிவ் என்றால், சில அம்மாக்களின் உடம்பு பிள்ளையின் ரத்தத்தையே எதிரியாக நினைத்து எதிர்ப்பொருளை உண்டாக்கும். அது எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது அவள் வேலை. அம்மாவின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை, அதாவது சீரத்தை, உப்புத் தண்ணீரில் பாதிப் பாதியாக நீர்க்கவைத்து, வரிசையாகக் குழாய்களில் விட்டு, ஒவ்வொன்றிலும் சிவப்பணு சேர்ப்பாள். எந்தக் குழாய்வரை அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றனவோ, அதுதான் கணக்கு. இரண்டு, நாலு, எட்டு, பதினாறு என்று போகும். எட்டிலேயே நின்றால் காத்திருக்கலாம். இரண்டிலிருந்து எட்டுக்குத் தாவினால் அன்றைக்கே பெரிய டாக்டரிடம் ஓட வேண்டும்.

ஒவ்வொரு குழாய்க்கும் புது டிப் மாட்டாவிட்டால் முதல் குழாயின் மிச்சம் அடுத்தடுத்த குழாய்க்குப் போய், கணக்கைக் கூட்டிக் காட்டும். எங்கள் சீனியர், அவசரக்குடுக்கை, ஒரே டிப்பில் வரிசை முழுவதையும் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவருக்கும் இவளுக்கும் எலியும் பூனையும்தான். ஆளுக்கு ஆள் கை மாறினால் கணக்கும் மாறும் என்பதால் அங்கே ஒரு விதி உண்டு. போன தடவை எடுத்த சீரத்தை ஃப்ரீசரில் வைத்திருந்து, புதியதோடு சேர்த்து அதே கையால் மறுபடி அளக்க வேண்டும். இந்த விதியை எங்கள் எல்லார் காதிலும் ஓதி ஓதிப் புளிக்கவைத்தவள் டிப்பக்காதான்.

கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே புருஷனை விட்டு வந்து, தங்கச்சி வீட்டு முன்னறையில் கட்டில் போட்டுக்கொண்டவள் அவள். தங்கச்சி மகளுக்குத் தலை வாருவது, பள்ளிக்கூடத்தில் விடுவது எல்லாம் பெரியம்மாதான். தங்கச்சி இரண்டாவது முறை உண்டானபோதுதான் தெரிந்தது, முதல் பிரசவத்துக்குப் பிறகு எதிர்ப்பொருள் வராமல் தடுக்கப் போட வேண்டிய ஊசியை யாரும் போடவேயில்லை என்று. உடம்பில் எதிர்ப்பொருள் வந்துவிட்டிருந்தது. முதல் தடவை அளக்க வேண்டிய அன்று டிப்பக்கா காய்ச்சலில் படுத்திருந்தாள். சீனியர் பார்த்தார். எட்டு.

அடுத்த மாதம் தங்கச்சி கையிலிருந்து நான் ரத்தம் எடுத்து முடிக்கும் முன்பே அக்கா வந்து நின்றுவிட்டாள். "இத அந்த ஆள் கைல குடுக்க மாட்டேன்" என்று குழாயை வாங்கிக்கொண்டு போனாள். தங்கச்சி பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே இருந்தாள். உள்ளேயிருந்து கண்ணாடி வழியாக அக்கா இவளைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்தாள். அதுதான் கேடு. கட்டி தெரிந்ததும் ஃப்ரீசர் பக்கம் திரும்பாமல் நேரே வெளியே வந்துவிட்டாள்.

"அதே எட்டு. ஏறவே இல்ல. போய் நிம்மதியாத் தூங்கு" என்றாள். அன்றைக்கு முழுசாகவே சிரித்தாள்.

டாக்டரும் இரண்டு எட்டைப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டார். அந்த மாதம் முடியவில்லை, பிள்ளை அசைவது நின்றுபோனது. ஆண் பிள்ளை. உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கிப் பிறந்தது. நான் தூக்கிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

வேலைக்குத் திரும்பிய அன்று அவள் நேரே போய் ஃப்ரீசரைத் திறந்தாள். தங்கச்சியின் பழைய சீரத்தை எடுத்து, தன் கையால் குழாய்க்குக் குழாய் டிப் மாற்றி அளந்தாள். கட்டி இரண்டிலேயே நின்றுவிட்டது. மறுபடி அளந்தாள். அப்போதும் இரண்டுதான். சீனியரின் எட்டு உண்மையில் இரண்டு; இவளுடைய எட்டு உண்மையிலேயே எட்டு. ஒரே மாதத்தில் இரண்டு குழாய் தாவியிருந்தது, யாருக்கும் தெரியாமல்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சீனியரை வாய்க்கு வந்தபடி பேசினேன். அவள் என்னை நிறுத்தினாள். "அவர் கைலயே விட்டிருந்தாக்கூட ஏறினது தெரிஞ்சிருக்கும்டி. ரெண்டு தடவையும் ஒரே தப்பா இருந்திருக்கும். நான் கை வச்சதுதான் வினை" என்றாள்.

வீட்டில் மூச்சுவிடாதே என்று கெஞ்சினேன். பிள்ளை திரும்பி வரப்போவதில்லை, இருக்கிற கூரையையும் ஏன் பிய்த்துக்கொள்கிறாய் என்று கேட்டேன். அவள் கேட்கவில்லை. தனியாக விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன். தங்கச்சி மார்பில் பால் கட்டி, துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தாள். புருஷன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டிப்பக்கா நின்றபடியே எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

தங்கச்சி சத்தம் போடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எதுக்கும் வேற ஆஸ்பத்திரிலயும் ஒரு தடவ பாத்துடலாம்னு அவர் கூப்பிட்டாருக்கா. நான்தான் வரமாட்டேன்னுட்டேன். எங்கக்காவே பாத்துட்டா, அதுக்கு மேல என்ன பாக்கணும்னு சொன்னேன்."

அதற்கு அவள் அக்காவை நாலு அறை அறைந்திருக்கலாம், எனக்கே தேவலை என்று இருந்திருக்கும். டிப்பக்கா அன்று சாயங்காலமே ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த வீட்டில் அவளைப் போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.