மணல் மூட்டைக்குப் பதிலாக மீன்

லிஃப்ட் மெக்கானிக் தன் வேலையைத் தானே நம்பாத மனிதர். பழுது பார்த்த லிஃப்ட்டை முதலில் வெறுமனே மேலும் கீழும் ஓட்டுவார். அப்புறம் மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டுவார். கடைசியில்தான் தான் ஏறுவார். வீட்டிலும் அதே கதை. கதவைப் பூட்டிவிட்டு நாலு படி இறங்கியவருக்கு, திரும்பி வந்து இழுத்துப் பார்க்காவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அவரிடம்தான் மகள் போனில் சொன்னாள்: "அப்பா, ஞாயித்துக்கிழமை அவரும் அவங்க அம்மாவும் சாப்பிட வராங்க. அவங்க வீட்டுல மதியச் சாப்பாட்டோட வைன் வைப்பாங்க. நீங்க ஒண்ணும் வாங்கி வெச்சுடாதீங்க. நானே கொண்டு வந்துடறேன்."

"ஏம்மா, நான் வாங்கினா ஆகாதா?"

"ஐயோ, அதுக்கில்லப்பா. உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

அலைச்சலுக்குள் ஒளிந்திருந்தது என்னவென்று அவருக்குத் தெரியாதா? கல்யாணம் பேச வருகிறவர்கள் முன்னால் அப்பா எதையாவது அசட்டுத்தனமாக நீட்டிவிடுவாரோ என்ற பயம். மகள் தன்னை நினைத்துக் கூசுகிறாள் என்பது முள்ளாகத் தைத்தது. "என் வீட்டு விருந்து. நானே வாங்கறேன்" என்று போனை வைத்தார். வைத்த பிறகுதான் உறைத்தது. வைனைப் பற்றி அவருக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது.

கடையில் கண் மட்டத்து அடுக்கில் இருந்த பாட்டில்கள் அவர் சம்பளத்தைப் பார்த்துச் சிரித்தன. குத்துக்காலிட்டு அடி அடுக்குக்கு இறங்கினார். கல்லாவில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்ன சாப்பாடுங்க?"

"பொரிச்ச மீன், எலுமிச்சம்பழம், வெள்ளரிக்காய். பால்கனியில, நல்ல வெயில்ல."

"அப்ப கனமான சிவப்பு வேண்டாம். வெயில்ல கம்பளி போத்திக்கிட்ட மாதிரி இருக்கும். லேசா, கொஞ்சம் புளிப்பா, குளிர வெச்சுக் குடிக்கறதா எடுங்க. லேபிள் அடியில ஆல்கஹால் எவ்வளவுன்னு போட்டிருக்கும். குறைச்சலாப் பாருங்க."

அவர் முகம் தெளிந்தது. லிஃப்ட் கூண்டுக்குள் எத்தனை பேர் ஏறலாம் என்று ஒரு தகடு இருக்குமே, அதே சங்கதி! வெள்ளை, மெல்லிய சிவப்பு, ரோஜா நிறத்தில் லேசாக இனிக்கிற ஒன்று எனத் தேடி எடுத்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு. ஸ்பேர் இல்லாமல் அவர் எந்த வேலைக்கும் போனதில்லை.

சனிக்கிழமை மனைவியை மீன் பொரிக்கச் சொல்லிவிட்டு, மணல் மூட்டைக்குப் பதிலாக மச்சினனைக் கூப்பிட்டார். மச்சினனின் உடம்பும் அதற்குத் தோதானதுதான்.

"கல்யாணத்துக்கு ரிகர்சல் கேள்விப்பட்டிருக்கேன் அத்தான். சாப்பாட்டுக்குமா?"

"வாயை மூடிட்டுக் குடி."

"ரெண்டையும் ஒண்ணா எப்படிச் செய்யறது?"

மீனோடு சிவப்பைக் குடித்துப் பார்த்து மெக்கானிக் முகத்தைச் சுளித்தார். "பழைய இரும்புக் கேபிளை நக்கின மாதிரி இருக்கு."

"அதையும் நக்கிப் பார்த்திருக்கீங்களாக்கும்!" என்றாள் மனைவி.

வெள்ளை, மீன் மேல் பிழிந்த எலுமிச்சையோடு கைகோத்துக்கொண்டு போனது. ரோஜா நிறத்தை மச்சினன் ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தான். "இது காய்ச்சல்காரனுக்குக் குடுக்கற ஜூஸ்." வெள்ளை என்று முடிவானது. ரோஜா நிற ஸ்பேர் பாட்டில் ஃபிரிட்ஜின் மூலைக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை மகள் உள்ளே வரும்போதே அவர் பார்த்துவிட்டார். அவள் துணிப்பையிலிருந்து ஒரு பாட்டிலின் கழுத்து எட்டிப் பார்த்தது. கருஞ்சிவப்பு. அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள். பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினாள்.

பால்கனியில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மெக்கானிக் முதல் வாய் மீனைத் தின்று, வெள்ளையை ஒரு மிடறு குடித்தார். நாக்கு பற்றி எரிந்தது! நேற்று இப்படி இல்லையே? மனைவியைப் பார்த்தார்.

"வர்றவங்களுக்குச் சப்புன்னு இருந்துடக் கூடாதேன்னு மிளகாயைக் கொஞ்சம் கூட்டினேன்" என்று அவள் காதைக் கடித்தாள். அவளுக்கும் அன்றைக்குப் படபடப்பு.

மாப்பிள்ளை தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வாய் வைனைக் குடித்தார். காரம் இன்னும் ஏறியது. கிளாஸைத் தள்ளி வைத்தார். மகளின் கை மெல்ல நாற்காலிக்கு அடியில் போனது.

அந்தக் கனத்த சிவப்பு இப்போது வந்தால் எரிகிற தீயில் பெட்ரோல்தான். "அதை எடுக்காதேம்மா. ஒரு நிமிஷம்" என்று மெக்கானிக் எழுந்தார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. எரிகிற நாக்குக்கு இனிப்புதான் சரி என்று, ஃபிரிட்ஜ் மூலையில் கிடந்த ரோஜா நிறப் பாட்டிலை ஐஸ் நிறைந்த தன் வேலை பக்கெட்டில் செருகிக்கொண்டு வந்தார்.

"பக்கெட் கழுவினதுதாங்க" என்றாள் மனைவி அவசரமாக.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு மிடறு குடித்தார். மீனைக் கடித்தார். மறுபடி குடித்தார்.

"அட, எரியற நாக்கைத் தடவிக் குடுக்குதே! ரொம்ப விலையோ?"

"இல்லீங்க, அடி அடுக்கு" என்று உண்மை வாய்தவறி வந்துவிட்டது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த அம்மா சத்தமாகச் சிரித்தார். "அப்ப எந்தக் கடைன்னு சொல்லுங்க சம்பந்தி. மேல் அடுக்குல வாங்கியே நாங்க கையைச் சுட்டுக்கிட்டோம்."

சம்பந்தி! மனைவி அவசரமாக எல்லோருக்கும் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

கிளம்பும்போது மகள் பின்தங்கினாள். துணிப்பையிலிருந்த பாட்டிலை எடுத்துச் சமையலறை மேடையில் வைத்தாள். "இது குளிர்காலத்துக்குப்பா. அப்பவும் வருவோம். ஆனா ரிகர்சலுக்கு என்னைக் கூப்பிடணும். மாமா போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

"அவனுக்கு வாயில பூட்டு போடணும்" என்றார் அவர். அவள் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலைத் திருப்பி, லேபிளின் அடியில் தேடினார்.

"பதினாலரை. இதுக்கு ஆட்டுக்கறியாவது வேணும்" என்று முணுமுணுத்தார்.

"முதல்ல மீன் சட்டியைக் கழுவுங்க" என்றாள் மனைவி.