ஒன்பது பேர் சுமந்த பிரெஞ்சு வார்த்தை

இன்று சாயங்காலம், சென்னையிலிருந்து திரும்பும் திருத்தணி ரயிலில் சந்தித்தது காஞ்சனாவை. வயது முப்பத்தாறு. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில், காது மூக்கு தொண்டைப் பிரிவில் நர்ஸ். கனடாவில் பிரெஞ்சு பேசும் ஊரில் ஒரு வேலை அவருக்காகக் காத்திருக்கிறது. பிரெஞ்சுப் பேச்சுத் தேர்வில் தேறினால்தான் அது கிடைக்கும். போன தடவை தோற்றுவிட்டார். எந்தப் பிரிவில் வேலை என்று கேட்டதற்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சில் அதன் பெயர் அப்படி: ஓதோரிநோலாரேன்கோலோஜி.

அதற்குப் பிறகு தினமும் காலை ரயிலில், பெண்கள் பெட்டியில், அதை அசை அசையாகப் பிரித்து முணுமுணுத்துக்கொண்டே போவார். ஒருநாள் எதிரில் பூக்கூடையோடு இருந்த கௌரியம்மாள் கேட்டார்.

"இன்னாம்மா, வாந்தி வருதா? ஜன்னலாண்ட குந்து."

காஞ்சனா விஷயத்தைச் சொன்னார்.

"இம்மா நீளத்த ஒருத்தியே இன்னாத்துக்கு இழுத்துகினு கீற? ஆளுக்கு ஒண்ணு குடு."

அன்றிலிருந்து ஒன்பது அசைக்கு ஒன்பது பெண்கள். ஓ, தோ என்று முதல் இருவர் சொன்னதும் மூன்றாவதாக 'ரி' சொல்ல வேண்டியவர் கௌரியம்மாள். வார்த்தை தினமும் அங்கேதான் நிற்கும்.

"யக்கா, ரி எங்க?"

"இருடி, முழம் அளந்துகினு கீறேன்."

வழியில் மணவூரில் கௌரியம்மாள் இறங்கும்போது, துணிக்கடையில் வேலை பார்க்கும் வரலட்சுமியிடம் ஒப்படைப்பார். "என் ரிய பாத்துக்கோடி. தொலைச்சினா நாளைக்கு கேப்பேன்."

இன்று இரண்டாவது தேர்வு. அதே கேள்வி. ஓ, தோ என்று சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் காஞ்சனா கௌரியம்மாளுக்காகக் காத்திருந்தார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ஏன் சிரிக்கிறீர்கள் என்று தேர்வு நடத்திய அம்மாள் பிரெஞ்சில் கேட்டார். காஞ்சனா பிரெஞ்சிலேயே சொல்லத் தொடங்கினார். ரயில், பூக்கூடை, மணவூர். முழம் என்றால் என்ன என்று கேட்டதற்கு முழங்கையை நீட்டி அளந்து காட்டினார். கதம்பம் எப்படிக் கட்டுவது என்பது வரை போய்விட்டார். தப்பும் தவறுமாகத்தான், ஆனால் ஒரு இடத்திலும் நிற்காமல்.

வெளியே வந்த பிறகுதான் உறைத்தது, அந்த வார்த்தையை அவர் முடிக்கவே இல்லை.

திரும்பும் வண்டியில் வரலட்சுமி கேட்டார், "பாஸா?"

"ரிசல்ட் வர பதினஞ்சு நாளாவும்க்கா."

"பேசினியா இல்லையா, அத்த சொல்லு."

"ஆங். பேசிகினே இருந்தேன்."

அதைச் சொல்லும்போதுதான் காஞ்சனாவின் கண் கலங்கியது. கேட்டவர்களுக்கும்தான்.

பிரெஞ்சுத் தேர்வுக்குத் தனியாக மல்லுக்கட்டும் நர்ஸ் யாரையாவது தெரிந்தால் இதை அனுப்பிவையுங்கள். திருத்தணியிலிருந்து காலையில் கிளம்பும் வண்டியில் பெண்கள் பெட்டிக்கு வரச் சொல்லுங்கள். எவ்வளவு நீளமான வார்த்தையாக இருந்தாலும் சரி.