கேப்ரியலின் கை

மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேப்ரியலுக்கு வாய்க்கு முன்னால் கை பேசும் என்று. பத்து காஜா ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்தை அழித்து வீட்டுமனைகள் ஆக்கியதும் ஈப்போவுக்குச் சாரம் கட்ட வந்தான். இருபத்து மூன்று வயதில், கூட்டாளி ராமையா இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் மாட்டாமல் பதினோராம் மாடியிலிருந்து விழுந்து சிதறியதைக் கண்ணால் பார்த்தான். அதற்கப்புறம் உயரத்தில் பெல்ட் இல்லாமல் எவன் நின்றாலும் அறைதான்.

இப்போது வயது நாற்பத்தாறு. ஈப்போவுக்கு வெளியே சுண்ணாம்பு மலையில், இருநூறு அடி உயரத்தில், ஆறு கண்ணாடி அறைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டு ஹோட்டல் என்கிறார்கள். பயப்படுவதற்கென்றே காசு கொடுத்து வந்து படுக்கிறது சனம்! கேப்ரியலும் கூட வேலை செய்யும் அர்ச்சுனனும் வெளியே, பாறையில் ஆணியடித்துத் தொங்கவிட்ட பலகையில் நின்று கண்ணாடி துடைப்பார்கள். அங்கேயும் இரண்டு பேரை அறைந்தாயிற்று. "இன்னொருத்தன் மேல கை வச்சே, வேலை போச்சு லா," என்று மேனேஜர் கால்வின் எச்சரித்திருந்தான். மகள் கேரன் படித்துக்கொண்டிருக்கிறாள். கேப்ரியல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

தைப்பூசத்துக்கு நாலு நாள். காவடிக்கு விரதமிருந்த அர்ச்சுனன் வெறும் இடுப்போடு பலகையில் இறங்கினான்.

"பெல்ட் எங்கடா?"

"அதுல தோல் வச்சு தச்சிருக்கு மச்சான். விரதத்துல தோல் படக்கூடாது. முருகன் பார்த்துக்குவாரு."

"பார்ப்பாரு. நீ விழுறத நல்லா பார்ப்பாரு!"

பளாரென்று விழுந்தது அறை. அர்ச்சுனன் சும்மா இருப்பானா? தலையால் முட்டினான். கேப்ரியலின் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. கேப்ரியல் அவன் வாயில் ஒரு குத்து விட்டு, பாறையோடு சாய்த்து, வயிற்றில் முழங்காலை ஊன்றி, பலகையில் கிடந்த உபரி பெல்ட்டை அவன் கதறக் கதற இடுப்பில் இறுக்கிக் கம்பிக் கயிற்றில் மாட்டினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேனிலவு ஜோடி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தது.

"பாவி, என் விரதத்தக் கெடுத்துட்டியே!" அர்ச்சுனன் அவனை உதறித் தள்ளினான்.

ஒரு வாரமாகப் பேய்மழை. அந்த உலுக்கலில், ஊறிய பாறை பலகையின் ஆணியைக் கக்க, பலகை ஒரு பக்கம் சரிந்து கீழே போயிற்று. இரண்டு பேரும் இடுப்புப் பெல்ட்டில் தொங்கினார்கள்.

மேலே இழுத்துப் போட்டதும் கால்வின் சொன்னான். "கெஸ்ட் புகார் பண்ணிட்டாங்க. அர்ச்சுனா, அடிக்கலன்னு சொல்லு, இதோட விட்டுறேன்."

அர்ச்சுனன் கிழிந்த உதட்டைத் துடைத்தான். "விரதத்துல பொய் சொல்லமாட்டேன் போஸ். அடிச்சான். அடிக்கலன்னா நான் செத்திருப்பேன்."

கால்வின் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டான். வேலை போயிற்று.

வாசலில் அர்ச்சுனன் ஓடிவந்து, வீங்காத கன்னத்தைக் காட்டினான். "மச்சான், என்னால வந்துச்சு. இன்னொண்ணு குடுத்துரு."

கேப்ரியல் கொடுத்தான், தோள்பட்டை வலிக்கக் கொடுத்தான்.

"நாளைக்கு பெல்ட் இல்லாம ஏறுனேன்னு காதுல விழுந்துச்சு, வீடு தேடி வந்து அடிப்பேன். இப்ப எனக்கு நேரம் நெறைய இருக்கு."